நாலு கூண்டு முயல்: கறிக்கும் தோலுக்கும்

முயல் வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்க வருகிறவர்கள் பாதிப்பேர் கையிலேயே ஒரு கணக்கோடு வருவார்கள். ஒரு ஜோடி வாங்கினால் வருஷத்தில் ஐம்பது, அந்த ஐம்பதும் பெருகினால் ஐந்நூறு. பிறப்புக் கணக்கு சரிதான். பிழைப்புக் கணக்கை யாரும் போட்டுக்கொண்டு வருவதில்லை. கூண்டும் இனமும் தீவனமும் எவரிடம் கேட்டாலும் தெரிந்துவிடும். குட்டி விழுந்த முதல் மூன்று வாரத்தை ஒழுங்காகப் பார்க்கிற வீட்டில்தான் கறி வேகும். அதனால் அந்தப் பகுதியை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு போடுகிற வீடு. ராஜஸ்தான் அவிகாநகரில் இருக்கிற மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் மன்னவனூரில்தான் இருக்கிறது. ஆட்டோடு முயலும் வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது வேடிக்கை, எங்களுக்கு முயல் என்பது புதுசில்லை. என் தங்கை கீழே வத்தலக்குண்டில் வளர்க்கிறாள். மலைக்கும் சமவெளிக்கும் எங்கே மாறுகிறது என்பதை அவள் வீட்டை வைத்துச் சொல்ல முடியும்.

எத்தனை வைக்கலாம்? ஒரு ஆண், மூன்று பெண். நாலே கூண்டு, குட்டிகளுக்கு இரண்டு பெரிய கூண்டு தனியாக. ஒரு தாய் வருஷத்துக்கு ஐந்து ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி தேறினால் போதும் என்று அடக்கமாகவே வையுங்கள். மூன்று தாய்க்கு எழுபத்தைந்து குட்டி. இரண்டு கிலோ உயிர் எடையில் அறுத்தால் பாதிக்குச் சற்று மேல் கறி நிற்கும். வாரத்துக்கு ஒன்றரை கிலோ கறி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் சாப்பிட்டு, அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க அது போதும். 'குட்டி வாங்கி வளர்த்துக் கொடுங்கள், நாங்களே திருப்பி எடுத்துக்கொள்கிறோம்' என்று ஒப்பந்தத்தோடு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் இப்படித்தான் பணத்தைப் போட்டு ஏமாந்தார்கள், கொங்கு நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெளியில் விற்கப் போகிறோம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. காட்டு முயலைப் பிடித்து வந்து வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடாது. அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற உயிர், பிடித்தாலே வழக்கு. அதோடு அது வேறு சாதி. காட்டு முயல் குட்டி கண் திறந்து, முடியோடு பிறக்கும். வீட்டு முயல் குட்டி கண் மூடி, மொட்டைத் தோலோடு விழும். இரண்டையும் சேர்த்தாலும் குட்டி வராது.

கறிக்கு வெள்ளை ஜெயின்ட், நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, கிரே ஜெயின்ட் இந்த நாலில் எது பக்கத்தில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். தோலும் வேண்டும் என்றால் நான் சின்சில்லாவைத்தான் சொல்வேன். அந்தச் சாம்பல் நிறத்தை ஊதிப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காக நிறம் மாறும், சாயமே தேவையில்லை. சந்தையில் குழந்தைகளுக்கு விற்கிற குட்டை முயல் கறிக்கு ஆகாது. மூன்று மாதத்துக் குட்டியாக வாங்குங்கள், ஆணும் பெண்ணும் ஒரே ஈற்றில் வந்ததாக இருக்க வேண்டாம். வாங்கும்போது நாலு இடம் பாருங்கள். காதுக்குள் பொருக்கு, மூக்கில் சளி, முன்காலின் உள்பக்கத்தில் ஒட்டிப்போன முடி, பின்பக்கத்தில் கழிச்சல் கறை. முன்காலை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், விற்கிறவர் மூக்கைத் துடைத்துவிட்டுக் காட்டலாம். சளி பிடித்த முயல் மூக்கைக் காலால் துடைத்துக்கொண்டே இருக்கும், அந்த முடியை யாரும் துடைப்பதில்லை. ஆணா பெண்ணா என்று விற்கிறவர் வாயை நம்பாமல் மல்லாக்கப் பிடித்து, பிறப்புறுப்பின் இரு பக்கத்திலும் இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். ஆணுக்கு உருண்டையாக வெளியே வரும், பெண்ணுக்குக் கீறலாகத் தெரியும்.

கூண்டும் தீனியும்

பெரிய முயல் ஒன்றுக்கு நாலு சதுர அடி, உயரம் ஒன்றரை அடி. தாய் முயலுக்குக் குட்டி போடுகிற பெட்டி வைக்க இன்னும் இரண்டு சதுர அடி கூட்டிக்கொள்ளுங்கள். தரைக்கு வெல்டு மெஷ் வலை, அரை அங்குலக் கண். கண் பெரிதானால் குட்டியின் கால் மாட்டும், சிறிதானால் புழுக்கை தங்கும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தூக்கிக் கட்டுங்கள். கூண்டின் ஒரு மூலையில் ஒரு சாண் பலகை போட்டுவிட்டால் வலையில் நின்று நின்று பாதம் புண்ணாவது நிற்கும். எங்கள் பக்கம் மரநாயும் எலியும் தொல்லை, கீழே பாம்பும் எறும்பும். எறும்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், பிறந்த குட்டியை ராத்திரியோடு தீர்த்துவிடும். கூண்டுக் கால் நாலையும் தண்ணீர் டப்பாவில் நிறுத்தி, மேலே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவைக்கிறாள் தங்கை.

பெரியதற்கு நாளைக்கு 100 முதல் 125 கிராம் அடர்தீவனம். சினைக்கு 150, பால் கொடுக்கிற தாய்க்கு 200-க்கு மேல் போகலாம். கம்பெனி குச்சித் தீவனம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உடைத்த மக்காச்சோளம் 30, கோதுமைத் தவிடு 30, உளுந்தம் பொட்டு 20, கடலைப் புண்ணாக்கு 18, தாது உப்பு ஒன்றரை, சாப்பாட்டு உப்பு அரை என்று நூறு கிலோ கணக்கில் கலக்கிக்கொள்ளலாம். பொடியாகப் போட்டால் மூக்கில் ஏறித் தும்மும். தண்ணீர் தெளித்துப் பிசறி, அன்றன்றைக்குத் தின்று முடிக்கிற அளவு வையுங்கள். புண்ணாக்கில் பூசண வாடை வந்தால் மாட்டுக்குப் போடலாமே என்றுகூட யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பூசண நஞ்சு முயலின் ஈரலை வேகமாகத் தாக்கும்.

பச்சைத்தீனியில்தான் வீட்டு வளர்ப்புக்குக் காசு மிச்சம். கீழே வேலிமசால், அகத்தி, கல்யாண முருங்கை. பேரிலேயே முயலை வைத்திருக்கிற முயல் மசாலும் உண்டு. சூபாபுல் தழை அதிகமானால் முடி கொட்டும், கொஞ்சமாகப் போடுங்கள். எங்களுக்குக் கேரட் தழை வண்டி வண்டியாகக் கிடைக்கும். பறித்ததும் போடாமல் அரை நாள் வாட்டிப் போட வேண்டும், மழை ஈரத்தோடு போட்டால் கழியும். மருந்தடித்த தோட்டத்துத் தழை என்றால் எடுக்கவே வேண்டாம். முட்டைக்கோஸ் இலை வயிற்றை உப்பவைக்கும். உருளைக்கிழங்குத் தழை, பச்சையடித்த கிழங்கு, உண்ணிச்செடி, பட்டர் ஃப்ரூட் இலை இந்த நாலும் விஷம். பட்டர் ஃப்ரூட் மரம் வாசலில் நிற்கிற வீடுகள் கீழ்மலையில் நிறைய, குழந்தைகள் ஆசையாக இலையை நீட்டிவிடும். எது இல்லாவிட்டாலும் காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். முயலின் பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்க்க ஏதாவது வேண்டும்.

விடிகாலையில் முயல் தன் புழுக்கையைத் தானே வாய் வைத்துத் தின்பதைப் பார்த்துப் பதறி, "அக்கா, முயலுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்று ஒருத்தி போன் பண்ணினாள். அது பைத்தியமில்லை. மெத்தென்று கொத்தாக வருகிற அந்தப் புழுக்கையை இரண்டாவது முறை செரித்துத்தான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. மாடு அசைபோடுவதை யாராவது தடுப்போமா?

இணை சேர்த்தல்

பெண்ணுக்கு ஐந்தரை, ஆறு மாதம், எடை இரண்டரை கிலோவுக்கு மேல். ஆணுக்கு இன்னும் ஒரு மாதம் கூட. பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தைக் காக்கச் சண்டை போடும், ஆண் மோந்துகொண்டே சுற்றும், காரியம் நடக்காது. பெண்ணுறுப்பு வெளிறி இருந்தால் அன்றைக்கு விடாதீர்கள். சிவந்து தடித்திருந்தால் விடலாம். கூடவே நின்று பாருங்கள். பெண் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும், ஆண் ஏறிய சில விநாடியில் ஒரு சத்தத்தோடு பக்கவாட்டில் சரிந்து விழும். அப்படி விழுந்தால் சேர்ந்தது என்று அர்த்தம். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாவிட்டால் எடுத்துவிட்டு மறுநாள் பாருங்கள். இரண்டையும் ராத்திரி முழுக்க ஒன்றாக விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு எந்தத் தேதியில் சேர்ந்தது என்று தெரியாது, தேதி தெரியாதவர்கள் பெட்டி வைக்கிற நாளைத் தவறவிடுவார்கள்.

மாட்டுக்கு, ஆட்டுக்கு வருவதுபோல் முயலுக்குக் குறிப்பிட்ட நாளில் கருமுட்டை இறங்காது. சேர்ந்த பிறகு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் இறங்கும். அதனால் காலையில் ஒரு தடவை, ஆறேழு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை விட்டால் குட்டி எண்ணிக்கை கூடும். ஆணை வாரத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

ஒவ்வொரு கூண்டிலும் ஒரு அட்டை தொங்கட்டும். ஜனவரி 1-ல் சேர்த்தால் 14-ல் சினை பார்க்க வேண்டும், 28-ல் பெட்டி வைக்க வேண்டும், பிப்ரவரி 1-ஐ ஒட்டிக் குட்டி விழும். 28 முதல் 32 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஈனலாம். சினை பார்ப்பது கைப்பழக்கம். காதோடு சேர்த்துத் தோளை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையை அடிவயிற்றில் கொடுத்து, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெதுவாக உருட்ட வேண்டும். சினையென்றால் திராட்சை அளவில் உருண்டைகள் விரலில் நழுவும். புழுக்கை இன்னும் சின்னதாக, கெட்டியாக, முதுகை ஒட்டி இருக்கும். நசுக்கினால் கரு போய்விடும், அதனால் கை பழகும்வரை சினையில்லாத முயலையும் தடவிப் பார்த்து வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். மறுபடி ஆணிடம் விட்டுச் சோதிக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. சினையாக இருந்துகொண்டே ஏற்றுக்கொள்கிற பெண்ணும் உண்டு.

பெட்டியும் முதல் மூன்று வாரமும்

பெட்டி மரத்தில் இருக்கட்டும். நீளம் ஒன்றே முக்கால் அடி, அகலமும் உயரமும் ஒவ்வொரு அடி, முன்பக்கம் மட்டும் அரை அடியாகக் குறைத்து வெட்டியிருக்க வேண்டும். தாய் உள்ளே குதித்துப் போக அது வசதி, குட்டி வெளியே உருண்டு வர முடியாது. அடியில் ஈரம் வடிய நாலு துளை. இரண்டங்குலம் மரச்சீவல், அதன்மேல் நன்றாகக் காய்ந்த மெல்லிய புல். பழைய துணி, பஞ்சு, நூல் எதுவும் போடக் கூடாது. குட்டியின் காலில் நூல் சுற்றினால் கால் செத்துவிடும்.

ஈனுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் தாய் வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு அலையும். அப்புறம் தன் மார்பிலும் வயிற்றிலும் முடியைப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போடும். அந்த முடியில் கொஞ்சத்தை எடுத்து ஒரு காகிதப் பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். முதல் ஈற்றில் சில தாய்கள் முடியே பிடுங்காது, அதற்கு இது உதவும். ஈனுவது பெரும்பாலும் ராத்திரியிலோ விடிகாலையிலோ, அரை மணிக்குள் முடிந்துவிடும். அந்த ராத்திரி தண்ணீர்ப் பாத்திரம் நிரம்பியிருக்க வேண்டும். தாய் குட்டியைத் தின்றுவிட்டது என்கிற புகாரில் தாகம்தான் பாதிக் காரணம், மீதி நாயும் பூனையும் டார்ச் லைட்டும். அன்றைக்கு வீட்டில் விருந்தாளி இருந்தால்கூட முயல் பக்கம் விடாதீர்கள். இரண்டு ஈற்றிலும் தின்கிற தாயை வைத்திருக்க வேண்டியதில்லை.

காலையில் தாய்க்குக் கொஞ்சம் தழையைப் போட்டு அதன் கவனத்தைத் திருப்பிவிட்டு, கையைப் புல்லில் தேய்த்துக்கொண்டு, பெட்டிக்குள் விடுங்கள். முடி மெத்தைக்கடியில் கதகதவென்று ஒரு குவியல் அசையும். ஆறு முதல் எட்டு இருக்கும், ஒவ்வொன்றும் 50, 60 கிராம். செத்ததையும் நஞ்சுக்கொடி மிச்சத்தையும் எடுத்துவிட வேண்டும். அப்படியே ஒவ்வொன்றாகத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். தோல் அவ்வளவு மெல்லிசு, குடித்த பால் வெள்ளையாக வெளியே தெரியும். வயிறு உப்பி, தோல் வழவழப்பாக, சத்தமில்லாமல் கிடந்தால் எல்லாம் சரி. சுருக்கம் விழுந்த தோல், ஒட்டின வயிறு, கை பட்டதும் எம்பி எம்பித் தேடுவது இதெல்லாம் பால் போகவில்லை என்பதற்கு அடையாளம்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் குழம்புவார்கள். கவுஞ்சியிலிருந்து என் மதினி வந்து, "தாய் பெட்டிப் பக்கமே போக மாட்டேங்குது மதினி, குட்டியை வெறுத்துருச்சு" என்று அழாத குறையாகச் சொன்னாள். வெறுக்கவில்லை. முயல் நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் மூன்று நாலு நிமிடம், பெரும்பாலும் நாம் எழுந்திருக்கும் முன்னால். மற்ற நேரம் கிட்டவே போகாமல் இருப்பதுதான் அதன் இயல்பு, காட்டில் அப்படித்தான் நரியிடமிருந்து குட்டியை மறைக்க முடியும். தாயைப் பிடித்துப் பெட்டிக்குள் அமுக்குவதற்கு முன்னால் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். வயிறு நிறைந்திருந்தால் உங்களுக்கு அங்கே வேலையில்லை. இரண்டு நாள் தொடர்ந்து வயிறு ஒட்டியிருந்தால் மட்டும் தாயை மடியில் மல்லாக்கப் போட்டு, குட்டிகளைக் காம்பில் வைத்துக் குடிக்கவிடலாம். அப்படியே மடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சூடாக, சிவந்து, கட்டியாக இருந்தால் மடிவீக்கம், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தத் தாயின் குட்டியை இன்னொரு தாயிடம் சேர்க்கக் கூடாது, நோயும் கூடப் போகும்.

மற்றபடி குட்டி மாற்றுவது எளிது. அதனால்தான் இரண்டு மூன்று தாயை ஒரே நாளில் சேர்க்கச் சொல்கிறேன். ஒருத்திக்குப் பதினொன்று, ஒருத்திக்கு நாலு என்று விழுந்தால், தாய்க்கு ஏழெட்டாகப் பிரித்துவிடலாம். பெரும்பாலும் எட்டுக் காம்புதான் இருக்கும். வயது வித்தியாசம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் போகக் கூடாது. புதுப் பெட்டியின் முடியைக் குட்டிமேல் தேய்த்து நடுவில் செருகிவிட்டு, சில மணி நேரம் தாயை விலக்கிவைத்தால் வாடை கலந்துவிடும்.

பால் குடிக்கும்போது தாய் சட்டென்று குதித்தால் காம்பைக் கவ்வியபடி ஒரு குட்டி வெளியே வந்து விழும். பூனை குட்டியைக் கவ்விப் போவதுபோல் முயல் தூக்கிக்கொண்டுபோய்த் திரும்ப வைக்காது. எங்கள் மலைக் குளிரில் வலைமேல் கிடந்த குட்டி அரை மணியில் விறைத்துவிடும். அதைச் செத்ததாக நினைத்துத் தூக்கி எறியாதீர்கள். ரவிக்கைக்குள்ளோ உள்ளங்கையிலோ வைத்துச் சூடேற்றுங்கள், அல்லது தலையை மட்டும் வெளியே பிடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத் துடையுங்கள். முதலில் வாய் ஒரு தடவை திறந்து மூடும். அப்புறம் கால் உதறும். விறைத்த குட்டி பிழைப்பதைப் பார்த்தவர்களுக்கு அதற்குப் பிறகு விடிகாலையில் கூண்டடிக்குப் போகாமல் இருக்க முடியாது.

நாலைந்து நாளில் பூனைமுடி தெரியும், பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். பன்னிரண்டு நாளாகியும் திறக்காத கண்ணை வெந்நீரில் நனைத்து ஆறவைத்த பஞ்சால் துடைத்தால் பிரியும். பெட்டி ஈரமானால் சீவலை மாற்றுங்கள், ஆனால் தாயின் முடியைத் திரும்ப உள்ளே வையுங்கள். பதினைந்து நாளுக்கு மேல் குட்டிகள் தாமாக வெளியே வந்து தாயின் தட்டைக் கொறிக்கும். மூன்று வாரம் தாண்டினால் பெட்டியை எடுத்துக் கழுவி, வெயிலில் காயவைத்துவிடலாம்.

நாலிலிருந்து ஐந்து வாரத்தில் பால் மறக்கடிக்க வேண்டும். குட்டியை எடுக்காமல் தாயைப் பிரியுங்கள், குட்டிகள் பழகிய கூண்டிலேயே இருக்கட்டும். அந்த வாரம் தீவனத்தை மாற்றவும் வேண்டாம். மூன்று மாதத்தில் ஆண் பெண் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண்கள் ஒன்றையொன்று விதையிலேயே கடித்துக்கொள்ளும். தாய்க்குப் பால் மறந்து ஒரு வாரம் ஓய்வு கொடுத்து மறுபடி சேர்க்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆண் முயலை வேறு வீட்டுக்காரரோடு மாற்றிக்கொள்ளுங்கள், சொந்தத்துக்குள்ளேயே போனால் குட்டி சிறுத்துவிடும்.

நோய், வெயில்

காதுக்குள் பழுப்பாகப் பொருக்குத் தட்டி, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் உண்ணிச் சொறி. பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும், தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மூக்கிலும் கால் நகத்தடியிலும் வெள்ளையாகச் சொறி வந்தால் அது நம் கையிலும் அரிக்கும். இரண்டுக்கும் ஐவர்மெக்டின் ஊசி, அளவை மருத்துவர் சொல்லட்டும். பால் மறந்த குட்டி வயிறு மட்டும் பெருத்து, மெலிந்து, கழிந்தால் ரத்தக் கழிச்சலைச் சந்தேகப்படுங்கள். வலைத்தரையும் தினமும் கூட்டுவதும் அதற்குப் பாதி வைத்தியம்.

மனுஷருக்கு எழுதிக் கொடுத்த அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்து முயலுக்குக் கரைத்துக் கொடுக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அந்த வகை மருந்து வாய்வழியாகப் போனால் முயலின் குடலில் இருக்க வேண்டிய நல்ல கிருமியெல்லாம் செத்து, கழிந்தே முயல் செத்துவிடும்.

மலையில் எங்களுக்குச் சளிதான் எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனியும் சாரலும் நிற்காது. காற்றுப்படுகிற பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்ட வேண்டும், நாலு பக்கமும் மூடினால் மூத்திர நெடி நிறைந்து சளி கூடும். கீழே வெயில். முப்பது டிகிரியைத் தாண்டினால் முயல் காதை நீட்டி, உடம்பைப் பரப்பிக்கொண்டு படுக்கும். மூச்சிரைத்து மூக்கு ஈரமாகிவிட்டால் அபாயம், உடனே காதைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். தங்கை வீட்டில் தென்னங்கிடுகுக் கூரை, பக்கவாட்டில் நனைத்த சாக்கு, மத்தியானத்தில் கூண்டுக்கு ஒரு உறைந்த தண்ணீர் பாட்டில். முயல் அதை அணைத்துக்கொண்டு கிடக்கும். சித்திரை, வைகாசியில் அவள் இணை சேர்ப்பதே இல்லை. வெயிலில் ஆணின் விந்து கெட்டுவிடும். கோடை முடிந்தும் ஒன்றரை, இரண்டு மாதம் சரியாகச் சினை பிடிக்காது, அதற்காக ஆணை மாற்ற வேண்டாம்.

அறுப்பு

பன்னிரண்டு, பதிமூன்று வாரத்தில் இரண்டு கிலோவை நெருங்கும். அதற்கு மேல் வளர்த்தால் தீவனம் போகிற அளவுக்குக் கறி ஏறாது. முன்தினம் ராத்திரி தீனியை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் வையுங்கள். அறுப்பதை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டாம், கைபழகியவர் பக்கத்தில் ஒரு தடவை நின்று பாருங்கள். காதுக்குப் பின்னால் ஒரே அடியில் மயக்கி, உடனே ரத்தம் வடித்துவிட வேண்டும், முயல் அலறினால் ஏதோ தப்பாக நடக்கிறது என்று அர்த்தம். மற்ற முயல்கள் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். எங்கள் வீட்டில் தாய்க்கும் ஆணுக்கும் மட்டும்தான் பேர் உண்டு, குட்டிகளுக்குப் பேர் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

பித்தப்பை உடையாமல் எடுங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஈரலைப் புதைத்துவிடுங்கள், அந்தக் கூண்டுக் குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் நோய் இருக்கலாம். கறியை அறுத்ததும் சட்டியில் போடாமல் சில மணி நேரம் குளிரவைத்தால் மிருதுவாகும். கொழுப்பே இல்லாத கறி, வேகமாக வறுத்தால் சக்கையாகிவிடும். மலைப்பூண்டை முழுசு முழுசாகப் போட்டு, மிளகு அரைத்து ஊற்றி, மூடி வைத்துச் சிறுதீயில் வேகவையுங்கள்.

தோல்

தோலை நம்பி முயல் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் முயல்தோலுக்கு வீடு தேடி வந்து வாங்குகிற வியாபாரி கிடையாது. அங்கோரா முயலின் உரோமத்துக்கு இமாசலத்தில் குல்லுப் பக்கம் நெசவு உண்டு. இரண்டரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கத்தரித்தால் இரண்டு அங்குலத்துக்கு மேல் உரோமம் வரும். ஆனால் தினம் சீவிவிடாவிட்டால் சடை பிடிக்கும், வெயில் ஆகாது, கறிக்கும் சுமார்தான். கறி முயலின் தோலை வீணாக்காமல் குழந்தைக்குக் குல்லா, செருப்புக்குள் விரிப்பு என்று தைத்துக்கொள்வதுதான் வீட்டுக்கு ஏற்றது.

மூன்று மாதக் குட்டியின் தோல் மெல்லிசு, முடியும் உதிரும். இனி வேண்டாமென்று கழிக்கிற பெரிய முயலின் தோல்தான் நிற்கும், அதுவும் மார்கழி, தையில் எடுத்தது. உரித்ததும் உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரே வெளிர் நிறமாக இருந்தால் முடி பழுத்திருக்கிறது. அங்கங்கே கருந்திட்டு தெரிந்தால் முடி மாறிக்கொண்டிருக்கிறது, அது உதிரும்.

உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, உள்பக்கத்துக் கொழுப்பையும் சவ்வையும் நீக்குங்கள். ஓரத்தில் பிடித்து இழுத்தால் சவ்வு பாளமாக வரும், கத்தியால் சுரண்டினால் தோல் கிழியும். சவ்வு மிச்சமிருக்கிற இடத்தில் தோலைப் பதப்படுத்துகிற மருந்து ஏறாது. இரண்டு லிட்டர் தண்ணீரில் 240 கிராம் படிகாரத்தைக் கரையுங்கள். வேறு பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சலவை சோடாவும் 120 கிராம் உப்பும். இரண்டாவதை முதலாவதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். நுரைக்கும், அதனால் பெரிய பிளாஸ்டிக் வாளியாக இருக்கட்டும், இரும்பும் அலுமினியமும் வேண்டாம். தோலை அமிழ்த்தி, நாளைக்கு நாலு தடவை கிளறி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். தடித்த இடத்தை மடித்துத் தண்ணீர் போகப் பிழிந்து பார்த்தால், மடிப்பில் வெள்ளைக் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் இன்னொரு நாள்.

அலசி, நிழலில் காயவிடுங்கள். முக்கால்வாசி காய்ந்த பிறகுதான் வேலையே இருக்கிறது. உள்பக்கத்தில் விளக்கெண்ணெயை லேசாகத் தடவி, பெஞ்சு விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்து இழுத்து, தோல் வெளுத்து இளகுகிறவரை தேய்க்க வேண்டும். அப்படியே காய விட்டுவிட்டால் அட்டையாகிவிடும், ஆனாலும் கெட்டுப்போகவில்லை, ஈரத்துணியில் சுற்றிவைத்து மறுபடி இழுக்கலாம். முடிப்பக்கத்தில் காய்ந்த மரத்தூளைத் தேய்த்து உதறினால் எண்ணெய் போய்ப் பளபளப்பு வரும். படிகாரத் தண்ணீரைப் பூண்டுப் பாத்தியில் ஊற்றிவிடாதீர்கள்.

படிகாரத்தில் பதமான தோலைத் துவைக்கக் கூடாது, படிகாரம் கரைந்து போனால் திரும்பப் பச்சைத்தோலாகிவிடும். அழுக்கானால் மரத்தூள்தான். பாலித்தீன் பையில் கட்டிவைத்தால் பூசணம் பூக்கும். காய்ந்த வேப்பிலையோடு பழைய பருத்தித் துணியில் சுற்றி, மாதம் ஒரு தடவை எடுத்து உதறி வையுங்கள்.